கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை

எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலே சொல்வதெழுதுதல் நடக்கும்பொழுது ஒரு பிள்ளை மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்க்கும். வீட்டிலே தாயார் அடுப்படியில் நின்று மூன்று வேலை சொன்னால் ஒன்றைத்தான் செய்யும். "என்ன? என்ன?" என்று திருப்பித் திருப்பிக் கேட்கும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் சூட்டும் பெயர்கள் இரண்டு: சோம்பேறி, சொல்வழி கேளாதவன்.

என் மகனையும் எட்டு வயது வரை நான் அப்படித்தான் ஏசினேன். ஒருநாள் கையும் நீட்டிவிட்டேன். அவன் அழுதுகொண்டே, "அப்பா, நீங்கள் சொல்லுறது கேட்குது, ஆனால் விளங்கேல்லை" என்றான். அந்த வார்த்தைதான் எங்களை வைத்தியரிடம் கொண்டு சென்றது.

காதைப் பரிசோதித்தார்கள். 20 டெசிபெல் அளவான மெல்லிய ஒலியும் அவனுக்குக் கேட்டது. காதில் குறையில்லை. மேலும் சோதித்த பின்னரே 'ஓடிட்டரி புரோசசிங் டிசோடர்' என்ற பெயரை நாம் அறிந்தோம். காது வாங்கிய ஒலியை மூளை பிரித்தறிவதில் ஏற்படும் இடர்ப்பாடு இது.

கணக்காளன் என்ற முறையில் எனக்கு விளங்கிய விதத்திற் சொல்கிறேன். காசோலை ஒழுங்காக வந்து சேருகிறது. பேரேட்டிற் பதியும்போதுதான் தொகை மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பிப்டீன்' என்பது 'பிப்டி' ஆகிவிடும். தமிழில் 'பல்' என்பது 'பால்' ஆகிவிடும்.

இது நேற்று வந்த கதையல்ல. 1954ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் மைக்கல்பஸ்ட், பிள்ளைகளின் கேட்டற் குறைபாடுகள் பற்றிய நூலில், கேள்திறன் குறைந்த பிள்ளைகளையும் கேட்டும் விளங்காத பிள்ளைகளையும் வேறுபடுத்திக் காட்டினார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. அமைதியான இடத்தில் நன்றாக விளங்கிக்கொள்ளும் பிள்ளை, இரைச்சலில் தடுமாறுதல்.
2. ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும் கட்டளைகளைத் தவறவிடுதல்.
3. ஒத்த ஓசையுள்ள சொற்களை மாறி விளங்குதல்.
4. எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுதல்.

எனினும் நாமாகவே முடிவு கட்டக்கூடாது. காதினுள் நீர் கட்டுதல், கவனக்குறைவு, மொழி வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றிலும் இதே அறிகுறிகள் தோன்றும். இதனைத் தனியொரு குறைபாடாகக் கொள்ளலாமா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே முதலில் காதுப் பரிசோதனை; பின்னர் கேட்டலியல் நிபுணர். இரு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களை ஒலிக்கவிட்டுச் சோதிப்பது போன்ற விசேட பரிசோதனைகளைப் பெரும்பாலும் ஏழு வயதின் பின்னரே செய்வார்கள். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள் என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பழக்கமில்லாத மொழிச் சொற்களாற் சோதித்தால் முடிவு பிழைக்கலாம்.

பாடசாலையில் ஒருவர், "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்" என்று எமக்கு ஆலோசனை கூறினார். இரு மொழி பேசுவதால் இக்குறைபாடு உண்டாவதில்லை. தமிழை நிறுத்தினால் பிள்ளை அம்மம்மாவுடன் பேசும் பேச்சையும் இழக்கும். நாம் நிறுத்தவில்லை.

செய்யக்கூடியவை எளியவை. வகுப்பில் முன்வரிசையில் இருத்துங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். வகுப்பறையிலும் கிட்ட இருப்பது நன்மையே. ஆசிரியர் அணியும் ஒலிவாங்கியிலிருந்து பிள்ளையின் காதுக்கு நேரே குரலைக் கொண்டு செல்லும் கருவியும் உண்டு. வீட்டிலே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள்.

கோயில் மண்டபத்தில் மேளம் முழங்கும்போது என் மகனுக்கு இன்றும் பேச்சு விளங்குவதில்லை. நான் தூர நின்று கூப்பிடுவதில்லை. கிட்டப் போய், தோளைத் தொட்டு, முகம் பார்த்துச் சொல்கிறேன். முன்னரே இதைச் செய்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் "என்ன?" என்று கேட்கும் பிள்ளை இருந்தால், ஏசுமுன் ஒருமுறை கிட்டப் போய்ச் சொல்லிப் பாருங்கள்.