தசை வலியும் தீராத களைப்பும் - நான் கற்ற பாடம்

வேலை செய்தால் உடம்பு வலிக்கும். ஒரு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். நாம் எல்லோரும் சிறு வயது முதல் அறிந்த கணக்கு இதுதான். இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு வலி உண்டு என்பதை நான் என் உடம்பைக் கொண்டே தெரிந்துகொண்டேன். எங்கள் காலனியில் ஒரு கல்லூரி மாணவி, கொரோனா வந்துபோன பிறகு படுத்தே கிடக்கிறாள். "ஜிம்முக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டில் அவளை விரட்டுகிறார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2017-ம் வருடம் ஒரு வைரஸ் காய்ச்சலில் பத்து நாள் படுத்தேன். காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. நவராத்திரி வந்தது. மாட்டுங்கா மார்க்கெட்டில் இரண்டு பை நிறைய சாமான் வாங்கி, ரயில்வே பாலம் ஏறி இறங்கி வீடு வந்தேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. தொடையிலும் கெண்டைக்காலிலும் யாரோ அடித்துப் போட்டதுபோல் வலி. அது அடங்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின.

ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, தசை பாதிப்பைக் காட்டும் பரிசோதனை என்று எல்லாம் பார்த்தார்கள். வைட்டமின் டி மட்டும் குறைவாக இருந்தது. அதைச் சரிசெய்தும் வலி போகவில்லை. ஒரு டாக்டர், "ஒன்றுமில்லை அம்மா, தினமும் நடங்கள், வாரா வாரம் பத்து நிமிஷம் கூட்டுங்கள்" என்றார். சொன்னபடி செய்தேன். மூன்றாவது வாரம் குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகும் நிலை வந்தது. பள்ளி ஆசிரியை வேலையையும் விட்டேன்.

பிறகு பார்த்த ஒரு மருத்துவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "வலி எப்போது கூடுகிறது? வேலை செய்யும்போதா, மறுநாளா?" மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் என்றேன். அந்தப் பதிலில்தான் என் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

நோயின் பெயரும் கதையும்

இதை 'க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்' என்கிறார்கள். 'மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்' என்ற பெயரும் உண்டு. 'மயால்ஜிக்' என்றாலே தசைவலி சம்பந்தப்பட்டது என்றுதான் பொருள். 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 ஊழியர்களுக்கு இப்படியொரு நோய் கண்டு, அந்த மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. அதை ஒட்டி 1956-ல் வந்த பெயர் இது. 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமல் பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்தே, அது கூட்டமாக வந்த மனப்பிரமை என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று! அந்தப் பழிச்சொல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இதைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனை இன்றும் கிடையாது. அறிகுறிகளை வைத்து, மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டே சொல்கிறார்கள். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, நினைவு மந்தம், எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிது உழைத்தாலும் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்து உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். இதுவே இந்த நோயின் முத்திரை.

2024-ல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொரோனாவுக்குப் பின் இதேபோன்ற சரிவு உள்ள 25 பேரையும், நலமாக உள்ள 21 பேரையும் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில், உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல் குறைந்திருந்தது. தசைச் சேதமும் கூடியிருந்தது. வலி மனதில் மட்டும் இல்லை என்று சொல்ல இது போதும்.

'படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டு' என்பதே பல ஆண்டுகள் வைத்தியமாக இருந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த நோய்க்கு அப்படி நிர்ணயித்துக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைத் தரக்கூடாது என்று கூறிவிட்டது.

நான் கடைப்பிடிப்பவை

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். உடம்பில் இருக்கும் சக்திக்குள் செலவு செய்வதுதான் முழு வைத்தியமும்.

1. டைரி: அன்றாடம் செய்த வேலை, தூக்கம், வலி மூன்றையும் இரண்டு வரியில் எழுதுகிறேன். இன்றைய வலிக்குக் காரணத்தை நேற்றும் முந்தாநாளும் தேட வேண்டும். ஒரு மாதம் எழுதிய பிறகுதான், நின்றுகொண்டு இருபது நிமிஷத்துக்கு மேல் சமைத்தால் எனக்கு ஆகாது என்று புரிந்தது.

2. களைக்கும் முன்பே நிறுத்துவது: இருபது நிமிஷம் தாங்கும் என்றால் பதினைந்தில் உட்கார்ந்துவிடுகிறேன். வலி வந்த பிறகு ஓய்வெடுப்பது வெள்ளம் வந்த பிறகு அணை போடுவது போல.

3. வேலையைப் பிரிப்பது: காய் நறுக்குவது ஸ்டூலில் உட்கார்ந்து. இட்லி மாவு அரைக்கும் நாளில் துணி துவைப்பதில்லை. உலர்ந்த துணியை மடிக்கவும் மறுநாள் ஆகலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வங்கிக் கணக்குப் பார்ப்பது, நீண்ட நேரம் பேசுவது இவையும் செலவுதான்.

4. நல்ல நாளில் எச்சரிக்கை: உடம்பு லேசாக இருக்கும் நாள்தான் ஆபத்தான நாள். விட்டுப்போன வேலையை எல்லாம் அன்றே முடிக்கத் தோன்றும். நான் பலமுறை ஏமாந்தது அங்கேதான்.

5. வலிக்கு: வெந்நீர்ப் பை எனக்கு இதம் தருகிறது. மிகவும் சூடான நீரில் குளித்தால் தலைசுற்றுகிறது. ஆகவே வெதுவெதுப்பாக, உட்கார்ந்தே குளிக்கிறேன். கை கால்களை மெதுவாக நீட்டி மடக்குவது உண்டு. அதுவும் மறுநாள் வலி கூடாத அளவுக்கே.

மருந்து பற்றி ஒரு சொல். நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நாள் கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளைக் குறைந்த அளவில் இரவில், வலிக்காகவும் தூக்கத்துக்காகவும் டாக்டர்கள் தருவதுண்டு. சீட்டில் அதைப் பார்த்து, 'என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டாரா' என்று பதற வேண்டாம். நான் அப்படிப் பதறி ஒரு மாதம் வீணாக்கினேன்.

எல்லா வலியும் இந்த வலி அல்ல. மூட்டு வீக்கம், விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, தசை பலம் இழப்பது, சிறுநீர் கறுத்துப் போவது இவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதனாலும் தசைவலி வரலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

என் மாமியார் முதல் வருடம், "காலையில் நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வலியைவிட வலித்தது. ஒரு நாள் என் டைரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

நான் முழுதும் குணமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள் இன்னும் படுக்கைதான். ஆனால் பன்னிரண்டு நாள் படுத்தவள் இரண்டு நாளில் எழுகிறேன். வாரம் இரண்டு மாலை, வீட்டில் உட்கார்ந்தபடியே நான்கு குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். கொலுவும் வைக்கிறேன், ஒன்பது படி மூன்று படி ஆகியிருக்கிறது.

அந்த மாணவியின் தாயாரிடம் நான் சொன்னது ஒன்றுதான். அவளை விரட்டுவதற்கு முன், "வலி எப்போது கூடுகிறது?" என்று கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் எழுதி, டாக்டரிடம் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், உங்களுக்கும் நான் சொல்வது அதுவே.