ஸ்டென்ட் வைத்த பிறகு வரும் ராத்திரி பயம்

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர்களுக்குப் பகலைவிட இரவுதான் கஷ்டம். விளக்கை அணைத்ததும் காது தன் நெஞ்சுத் துடிப்பையே கேட்டுக்கொண்டிருக்கும். வாயுவா, மறுபடியும் அதுவா என்று மனம் அல்லாடும். இது கோழைத்தனம் இல்லவே இல்லை.

வலி வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்துவைத்தால் பாதி பயம் இறங்கும். டாக்டரிடம் கேட்டு, தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். அதை வைத்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். 5 நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் உடனே 108 ஆம்புலன்ஸ். பைக்கில் போய்விடலாம் என்று நினைக்கவே வேண்டாம். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

வீட்டில் “ஒண்ணுமில்ல” என்று மழுப்பாதீர்கள். உங்கள் துணையும் அதே பயத்தை வெளியே சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கலாம். இருவரும் சேர்ந்தே செக்கப்புக்குப் போங்கள். மாடி ஏறலாமா, தாம்பத்தியம் எப்போது என்பதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

டாக்டர் சம்மதித்ததும் நடக்கத் தொடங்குங்கள், பேச்சுத்துணையோடு.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் இதய டாக்டரிடமே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். இரவு 2 மணிக்கு மனம் தவித்தாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். நெஞ்சு வலித்தால் மட்டும் முதலில் 108.