சம்பளத் தேதி மாறுகிறதா? எக்ஸெல்லில் கணக்குப் போடுங்கள்

மாதக் கடைசி நாளில் வந்துகொண்டிருந்த சம்பளம், இனி அடுத்த மாதம் 7ஆம் தேதிதான் வரும் என்று எங்கள் நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. சட்டப்படி இதில் தவறில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்றே சொல்கிறது. "ஏழு நாள்தானே, ஒரு மாதம் சமாளித்தால் போதும்" என்றார்கள் நண்பர்கள். அது சரிதானா என்பதை எக்ஸெல்லில் பத்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் கால்க் தொகுப்பையும் பயன்படுத்தலாம். மெனுக்களின் பெயர்கள் சற்று மாறும்.

வீட்டு பட்ஜெட் என்றால் மாத வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதுவோம். இங்கே அது உதவாது. தொகை மாறவில்லை, தேதிதான் மாறியிருக்கிறது. எனவே நாள்வாரியாக எழுத வேண்டும்.

புதிய ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, விவரம், வரவு, செலவு, மீதி என ஐந்து தலைப்புகளை அமைத்திடுங்கள். இரண்டாவது வரிசையில் இன்று கையிருக்கும் தொகையை மீதியின் கீழ் டைப் செய்யுங்கள். மூன்றாவது வரிசையிலிருந்து வரவுசெலவுகளைத் தேதியோடு உள்ளிடவும். தேதியில் ஒரு எச்சரிக்கை. விண்டோஸின் ரீஜன் செட்டிங்கில் அமெரிக்க முறை இருந்தால், 7/11 என்று நீங்கள் அடிப்பதை ஜூலை 11 என்று எக்ஸெல் எடுத்துக்கொள்ளும். இங்கிலீஷ் (இந்தியா) என மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். இடப்பக்கம் நின்றால் வெறும் எழுத்தாகத்தான் வைத்திருக்கிறது.

இனி ஃபார்முலா. மூன்றாவது வரிசையின் மீதி செல்லில் = அடையாளத்தைத் தட்டி, அதற்கு மேலே உள்ள மீதி செல்லில் கிளிக் செய்யுங்கள். + தட்டி அதே வரிசையின் வரவு செல்லிலும், - தட்டி செலவு செல்லிலும் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று சென்று 0 கொடுத்தால், பணம் பற்றாத நாட்கள் சிவப்பாகத் தெரியும்.

ஒரு உதாரணம். செப்டம்பர் 30 அன்று சம்பளம் 32,000, ஏற்கெனவே இருந்தது 4,000. ஆக 36,000 ரூபாய். அடுத்த சம்பளம் நவம்பர் 7. ஒரு தேதியிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள், 38 நாட்கள் என்று வரும். (தேதிகளை எக்ஸெல் எண்களாகவே வைத்திருப்பதால் இப்படிக் கழிக்க முடிகிறது. விடை தேதி போலத் தெரிந்தால் ஃபார்மட்டை ஜெனரல் என மாற்றவும்.) மாதச் செலவு 29,900. இதில் 1ஆம் தேதி வாடகை 9,000, 2ஆம் தேதி பால், பேப்பர் 2,200, 3ஆம் தேதி மளிகை 5,000, 5ஆம் தேதி வண்டிக் கடன் தவணை 3,600. ஆக, முதல் ஐந்து நாட்களிலேயே 19,800 போய்விடுகிறது.

அக்டோபர் முடிவில் மீதி 6,100. நவம்பர் 1 வாடகையிலேயே சிவப்பு தொடங்கி, 5ஆம் தேதி 13,700 பற்றாக்குறை. கைமாற்று வாங்கிச் சமாளித்து, 7ஆம் தேதி சம்பளத்தில் திருப்பித் தந்துவிடலாம் என்றுதான் தோன்றும். டிசம்பருக்கும் வரிசைகளைச் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் 5 அன்று 11,600 பற்றாக்குறை. ஜனவரியில் 9,500. மாதம் மிச்சமாகும் 2,100 மட்டுமே இந்தக் குழியை நிரப்புவதால், மே வரை ஒவ்வொரு மாதமும் கைமாற்று கேட்க வேண்டியிருக்கும். ஜூனில்தான் சிவப்பு மறையும். இடையில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாண மொய் வந்தால் அதுவும் தள்ளிப்போகும். நண்பர்கள் சொன்ன அந்த "ஒரு மாதம்" இதுதான்.

வழி, செலவுத் தேதிகளையும் நகர்த்துவது. ஷீட்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து, மூவ் ஆர் காப்பி தேர்ந்தெடுத்து, கிரியேட் எ காப்பி கட்டத்தில் டிக் செய்திடுங்கள். நகலில் விளையாடலாம், அசல் பத்திரமாக இருக்கும். தேதிகளை மாற்றியபின் மூன்றாவது வரிசையிலிருந்து முதல் நான்கு நெடுவரிசைகளை மட்டும் செலக்ட் செய்து, டேட்டா டேபில் சார்ட் கொடுக்கவும். மீதி நெடுவரிசையைச் சேர்த்தால் ஃபார்முலாக்கள் இடம் மாறிக் குழப்பம் வரும்.

மளிகையையும் பாலையும் 8ஆம் தேதிக்குத் தள்ளினால் பற்றாக்குறை 6,500 ஆகக் குறைகிறது. வாடகையும் 8ஆம் தேதி என்றால், 5ஆம் தேதி தவணை போனபின்னும் கையில் 2,500 நிற்கிறது. கைமாற்றே தேவையில்லை. மளிகை மட்டும் அக்டோபரில் ஐந்து நாள் கூடுதலாக இழுக்க வேண்டும். அது சமையலறையின் சம்மதத்தைப் பொறுத்தது! வீட்டுக்காரரிடம் நான் சுற்றறிக்கையின் நகலோடு முன்கூட்டியே போய்ப் பேசினேன். ஒன்றாம் தேதி ஆனபின் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தவணைத் தேதியை மட்டும் நாமாக நகர்த்த முடியாது. கடன் தந்தவரிடம் எழுத்துமூலம் கேட்டு, ஒப்புதல் வரும்வரை பழைய தேதிக்கே பணம் வைத்திருக்க வேண்டும். ஆட்டோ டெபிட் நடக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை எடுக்க மாட்டார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். கிரெடிட் கார்டு உள்ளவர்களுக்கு வேலை எளிது. பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்தத் தேதி உங்களுக்குத் தோதானது என்பதைக் கேட்பதற்கு முன் நகல் ஷீட்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.