போட்டோ பெட்டியைத் திறப்பது எப்போது?

மாமியார் கல்யாணப் படம் தொடங்கி பிள்ளைகளின் பள்ளி குரூப் போட்டோ வரை ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கிறது. பிரித்து அடுக்கலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைக்கிறேன், தள்ளிப்போகிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பொங்கலுக்குக் காத்திருப்பதுதான் சிக்கலே. அன்றைக்குப் பாத்திரம் துலக்கவே பொழுது சரியாக இருக்கும்! பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். தினமும் 15 நிமிடம், ஒரு கைப்பிடி படம். அவ்வளவுதான்.

தேதிவாரியாக அடுக்கப் பார்க்காதீர்கள். பலரும் கைவிடுவது அங்கேதான். ‘மாமியார் வீடு’, ‘அம்மா வீடு’, ‘பிள்ளைகள்’ என மூன்று காகித உறை போதும். ஆளே இல்லாத ஊட்டி ஏரிப் படங்களைத் தயங்காமல் கழித்துவிடலாம். ரப்பர் பேண்டையும் குண்டூசியையும் உடனே எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் ரப்பர் இளகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஊசி துருவேறும்.

பசை ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படத்தை நகத்தால் பெயர்க்க வேண்டாம். மெல்லிய நைலான் நூலை அடியில் கொடுத்து, ரம்பம் போல் மெல்ல இழுங்கள். வரவில்லையா? அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் செல்போனில் எடுத்து வையுங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்புறம் பென்சிலால் லேசாகப் பெயர் எழுதலாம். வழவழப்பான கலர் படத்தில் பென்சில் பிடிக்காது; தனிச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.

ஆல்பம் அடுத்த மாதம்கூட வாங்கலாம். முதல் கைப்பிடியை இன்று மாலையே வீட்டுப் பெரியவரிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.