கம்பி ஒன்று, மொழி மூன்று

மாணவ நண்பர்களே, ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். ஒரு கம்பியில் நொடிக்கு 1 கோடி பிட்டுகள் செல்கின்றன. 10 லட்சம் பைட்டுகள் கொண்ட கோப்பு அதன் வழியே செல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள், ஆகவே 0.8 நொடி. முகவரி, சரிபார்ப்பு எண் போன்ற கூடுதல் சுமைகளைச் சேர்த்தாலும் இரண்டு நொடி தாராளம். இந்த விடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம் இருப்பதாகக் கற்பனை செய்வோம். (திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டமானது 2009-இல்.) பத்துக் கணிப்பொறிகள், 'ஹப்' என்னும் பெட்டியின் வழியே ஈதர்நெட் கம்பிகளால் இணைக்கப்பட்டுள்ளன. நூல் இருப்புக் கணக்கு பழைய நெட்வேர் சர்வரில் உள்ளது, அது ஐ.பி.எக்ஸ். என்ற நெறிமுறையில் பேசும். நெறிமுறை என்பது கணிப்பொறிகளின் மொழி எனலாம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் விண்டோஸ் என்.டி. சர்வரில், அதன் மொழி டி.சி.பி./ஐ.பி. யாரோ எப்போதோ நெட்பூயி என்ற மூன்றாவது மொழியையும் மேசைக் கணிப்பொறிகளில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வாசலில் தூத்துக்குடி செல்ல வேண்டிய லாரி நிற்கிறது. பேக்கிங் லிஸ்ட் திறக்க முக்கால் நிமிடம் ஆகிறது. "முதலாளி, கம்ப்யூட்டரு பழசாயிருச்சுங்க, புதுசு வாங்கிரலாமுங்க" என்கிறார் கணக்கர். வாங்கலாம், ஆனால் அதற்குமுன் கைக்கடிகாரத்தைப் பார்ப்போமா?

தாமதம் எங்கே விழுகிறது என்பதே கேள்வி. சர்வரின் பெயரைத் தொட்டதும் நெடுநேரம் ஒன்றும் நடவாமல், பிறகு கோப்பு இரண்டே நொடியில் வந்துவிட்டால், கம்பியில் குற்றமில்லை. நம் கணக்கு அதைத்தான் சொல்கிறது. பொழுது போனது பேச்சைத் தொடங்குவதில்.

அது ஏன்? விண்டோஸ் என்.டி. இயங்கும் மேசைக் கணிப்பொறி தனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் ஒரே நேரத்தில் சர்வரை அழைக்கும். அம்மொழிகளுக்கு ஒரு முன்னுரிமைப் பட்டியல் உண்டு. நெட்பூயி முதலிலும் டி.சி.பி./ஐ.பி. கடைசியிலும் இருப்பதாகக் கொள்வோம். சர்வரோ டி.சி.பி./ஐ.பி. மட்டுமே அறியும். அதன் விடை உடனே வந்துவிடுகிறது. ஆனாலும் மேலே உள்ள மொழிகளில் விடை வராது என்று உறுதியாகும்வரை நம் கணிப்பொறி காத்திருக்கும்! மூத்தவர்கள் உட்காரும்வரை இலை முன்னால் காத்திருக்கும் பந்திபோல.

மருந்து எளிது. டி.சி.பி./ஐ.பி.யைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுவர வேண்டும்; யாருக்கும் தேவையில்லாத நெட்பூயியை நீக்கிவிடலாம். மாற்ற வேண்டியது அழைக்கும் கணிப்பொறியின் பட்டியலை. சர்வரில் மாற்றிப் பயனில்லை. அவசரப்பட்டு ஐ.பி.எக்ஸையும் நீக்கினால் நூல் கணக்கு நின்றுபோகும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொன்றுக்கும் பின் கடிகாரம்: ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் அதே முறைதான்.

இனி மற்றொரு வகை. கோப்பு உடனே திறக்கத் தொடங்குகிறது, ஆனால் நடுவில் திக்கித் திக்கி வருகிறது. 'பிங்' கட்டளை கொடுத்தால் 32 பைட்டுச் செய்தி சில மில்லி நொடிகளில் போய்த் திரும்புகிறது. சிறியது ஓடுகிறது, பெரியது தடுக்குகிறது! இங்கே மொழியைச் சந்தேகிப்பது வீண். சர்வரின் இணைப்பு அட்டையைப் பாருங்கள். ஹப் ஒருவழிப் பாதை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். சர்வரின் அட்டையை யாரேனும் 'இருவழி' என்று அமைத்திருந்தால், அது பிறர் பேசுவதைக் கவனியாமல் தானும் பேசும். செய்திகள் மோதிச் சிதையும். மோதியது சர்வருக்குத் தெரியவும் தெரியாது. செய்தி சேரவில்லை என்பதை டி.சி.பி. சற்றுக் காத்திருந்தே உணர்ந்து மீண்டும் அனுப்பும். 'பிங்' கேள்வியும் விடையும் மாறிமாறிச் செல்வதால் பெரும்பாலும் மோதுவதில்லை. அட்டையை ஒருவழிக்கு மாற்றினால் திக்கல் தீரும்.

நெட்வேரும் நெட்பூயியும் வழக்கொழிந்துவிட்டன. ஆனால் இணையத்தில் இன்று ஐ.பி. 4, ஐ.பி. 6 என்று இரு பதிப்புகள் அருகருகே வாழ்கின்றன. ஆறாம் பதிப்பின் வழி எங்கேனும் அடைபட்டிருந்தால் அதே பழைய காத்திருப்பு தலைகாட்டும். இதற்காக 2012-இல் ஒரு முறை வகுக்கப்பட்டது. உலாவி முதலில் ஆறில் அழைக்கும். கால் நொடி அளவில் விடை வராவிட்டால், அதை விட்டுவிடாமலே நான்கிலும் அழைக்கும். எது முந்துகிறதோ அதில் பேசத் தொடங்கிவிடும்.