மோட்டாரில் கூடுதல் வயர்: ஹெட்லைட் வயரை விட்டுவிடுங்கள்



நம் மலாக்கா மாநிலத்தில் தோட்டமோ தாமானோ, எந்த வீட்டு வாசலிலும் ஒரு கப்சாயாவது நிற்கும். இஎக்ஸ்5, வேவ், எல்சி, ஒய்15 என்று பெயர்தான் மாறும். ஹேண்டிலில் ஒரு போன் சார்ஜர், கீழே இரண்டு எல்இடி லைட், சிலரிடம் டேஷ்கேம், அலாரம். குளிர் நாடுகளில் கைப்பிடியைச் சூடாக்கும் கம்பிச்சுருள்கூட மாட்டுகிறார்கள். ஜாசின் வெயிலில் அது எதற்கு என்று சிரிக்கலாம். ஆனால் கேமரன் மலைக்கு விடியற்காலையில் ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், விரல் விறைத்துப் போகும் கதையைச் சொல்வார்கள். எதை மாட்டினாலும் வயரிங் பாடம் ஒன்றுதான். எஞ்சினியரிங் வகுப்பில் படித்ததையும் பட்டறையில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். முன் கவரைக் கழற்றி, ஹெட்லைட்டுக்குப் போகும் வயரில் தோலைச் சீவி, புது வயரைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். "சாவி போட்டா எரியுதுல்ல அண்ணே, போதாதா?" என்பார்கள். எரியும்தான். ஆனால் அந்த மலிவு சார்ஜருக்குள் மழைத் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் போகிற பியூஸ் யாருடையது? மோட்டாருடையது. சார்ஜரோடு சேர்ந்து ஹெட்லைட்டும் அணையும். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போய்விட்டு, இரவில் புக்கிட் ஆசாகான் பக்கம் செம்பனைக்கு நடுவே திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். தெருவிளக்கு கிடையாது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். விளக்கு போய், கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் 3 வினாடி ஓடினால் 50 மீட்டர் குருட்டுப் பயணம். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பத்து வெள்ளி சார்ஜருக்காக அந்தக் கணக்கில் நாமும் சேர வேண்டுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கார்புரேட்டர் கப்சாய் சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடுவதே இல்லை. எஞ்சின் சுற்றும்போது வரும் ஏசி மின்சாரம் நேராக பல்புக்குப் போகிறது. திராட்டலை முறுக்கினால் வெளிச்சம் ஏறி, விட்டால் மங்குகிறதா? அப்படியானால் உங்களுடையது அந்த வகையாக இருக்கலாம். டிசி மின்சாரம் கேட்கும் சார்ஜரை அதில் மாட்டினால் அது சீக்கிரம் கருகும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். போன் சார்ஜர் 5 வோல்ட், 2 ஆம்பியர் கொடுத்தால் 10 வாட். உள்ளே வீணாவதையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 1 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 10 வாட் எல்இடி இரண்டு என்றால் 1.7 ஆம்பியர். சூட்டுக் கைப்பிடி ஒரு ஜோடி 36 வாட் என்றால் 3 ஆம்பியர். இங்கே விற்கும் கப்சாய் பேட்டரி பல 3.5-இலிருந்து 5 ஆம்பியர்-மணிக்குள்தான் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து சார்ஜரையும் எல்இடியையும் ஓட விட்டால், ஒரு மணி நேரத்தில் சின்ன பேட்டரி சோர்ந்துவிடும். எஞ்சின் ஓடினாலும் கப்சாய் ஜெனரேட்டருக்குச் சக்தி குறைவு, மெதுவாகச் சுற்றும்போது இன்னும் குறைவு. 1992 முதல் பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். எனவே ஹெட்லைட்டின் 35 வாட் எப்போதும் கணக்கில் இருக்கும். சார்ஜர் தாராளமாகப் போடலாம், சின்ன எல்இடி சமாளிக்கும். ஆனால் கப்சாயில் சூட்டுக் கைப்பிடி வேண்டாம் என்பது என் தீர்ப்பு. நல்ல கையுறை வாங்குங்கள்.

இனி வழி. கூடுதல் பொருளுக்கு பேட்டரியிலிருந்து தனிப் பாதை போடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் வயரில், ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வர வேண்டும். பியூஸ் சார்ஜரைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. பியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் பிரேமில் உரசித் தோல் போனால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை, சிவந்து எரியும். அதனால்தான் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறேன். மொத்தம் 3 ஆம்பியர் இழுப்பு என்றால் 5 ஆம்பியர் பியூஸ், வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும். அது போனால் "இருக்கிறதைப் போடுவோம்" என்று நீல நிற 15-ஐச் செருகாதீர்கள்.

அடுத்தது ரிலே. சாவியை எடுத்ததும் எல்லாம் தானாக அணைய வேண்டும், ஆனால் சாவி வழியாக அந்த மின்சாரம் முழுவதும் போகக்கூடாது. தோட்டத்தில் பெரட்டு நடப்பதைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். துரை ஒவ்வொரு ஆளிடமும் போய்ச் சொல்ல மாட்டார். மண்டோரிடம் ஒரு வார்த்தை, மொத்தக் கும்பலும் நகரும். ரிலே அந்த மண்டோர். அதன் கால்களில் எண் இருக்கும். 30-க்கு பியூஸ் வழியாக வரும் பேட்டரி வயர். 87-இலிருந்து சார்ஜருக்கும் எல்இடிக்கும். 85 நெகட்டிவுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு வயர். இந்த 86 இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். அதைப் பின் பிரேக் சுவிட்சுக்கு வரும் வயரிலிருந்து எடுத்து, இடையில் ஒரு 2 ஆம்பியர் பியூஸும் போட்டுவிட்டால், இந்தப் பக்கம் என்ன கோளாறு வந்தாலும் ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்.

வயர் நிறத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. ஹோண்டாவில் பச்சைதான் நெகட்டிவ், கறுப்பு என்பது சாவி போட்டால் உயிர் வரும் பாசிட்டிவ். யமஹாவில் கறுப்பு நெகட்டிவ், சாவி வயர் பழுப்பு. இஎக்ஸ்5-இல் கை பழகியவர் நண்பனின் ஒய்15-ஐத் திறந்து அதே கறுப்பைத் தேடினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பழைய மோட்டாரில் முன்பு வைத்திருந்தவர் எந்த வயரை எதோடு மாற்றினார் என்பதும் தெரியாது. 20 வெள்ளி மல்டிமீட்டர் ஒன்று வைத்துக்கொண்டு, தொட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகே வெட்டுங்கள்.

என் அனுபவத்தில் பாதிக் கோளாறு இணைப்பில்தான். முறுக்கி டேப் ஒட்டிய இடத்தில் நம் ஊர் மழையும் செம்மண்ணும் புகுந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்பு வெறும் அரை ஓம் தடை கொடுத்தால் போதும். 3 ஆம்பியர் ஓடும்போது அங்கே 4.5 வாட் சூடு, பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக் கவருக்கு அடியில். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பும் அப்படித்தான், தோலை ஓட்டை போட்டுத் தண்ணீருக்கு வாசல் திறந்துவிடும். ஈயம் வைத்துப் பற்ற வைத்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைப்பாகி, தோட்டத்து மண் பாதை அதிர்வில் அதன் ஓரத்தில் ஒடியும். சரியான கிரிம்ப் இணைப்பு, அதன் மேல் சூடு காட்டினால் சுருங்கும் குழாய், இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வயரை இணைப்புக்கு முன் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஓடி வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் ஸ்பாட்லைட், சிவப்பு நீல மின்மினி விளக்கு எல்லாம் சம்மனுக்கு நீங்களே கொடுக்கும் அழைப்பு. சாலைப் போக்குவரத்து இலாகாவின் ரோட்பிளாக்கில் "சாமிக்குப் போட்ட அலங்காரம் சார்" என்றால் எடுபடாது.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் பிரேமில் பட்டாலும் பொறி பறக்காது. பிறகு ஹேண்டிலை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு, எஞ்சினை மெதுவாகச் சுற்ற விட்டு மறுபடி அளந்து பாருங்கள். 12.8-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி வரவைவிட அதிகம் செலவழிக்கிறது, ஏதாவது ஒன்றைக் கழற்றியாக வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கவரைத் திறந்து, பியூஸ் பெட்டியையும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.