பழைய பிபிசி மைக்ரோவைக் கொண்டு அஞ்சல் உறைகளில் முகவரி அச்சிடல்

உடன்குடியின் கருப்பட்டி வணிகர் வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பினாலும், கோயில் கொடைவிழாக் குழுவினர் அழைப்பிதழ் அனுப்பினாலும், ஒரே முகவரிப் பட்டியலை ஆண்டுதோறும் சில திருத்தங்களுடன் நூற்றுக்கணக்கான உறைகளில் எழுத வேண்டியிருக்கிறது. இவ்வேலைக்கு இன்றைய லேசர் அச்சுப்பொறி பொருந்துவதில்லை. அதன் சூடான உருளை மைப்பொடியை உருக்கித் தாளில் பதிக்கும்போது, கடற்காற்றின் ஈரத்தால் ஏற்கெனவே இளகியிருக்கும் உறையின் பசை மடிப்பு ஒட்டிக்கொள்வதும் தாள் சுருங்குவதும் உண்டு. மை தெளிக்கும் இன்க்ஜெட் வகையில் அச்சிட்ட முகவரி மழைத்துளி பட்டாலே கலைந்துவிடக்கூடும். மைநாடாவின்மீது நுண்ணிய ஊசிகள் மோதி எழுத்தைப் புள்ளிகளால் ஆக்கும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் சூடு பற்றிய கவலை இல்லை. அதனை இயக்க 1980களின் வீட்டுக் கணினி ஒன்றே போதும்.

இந்தியாவில் இத்தகைய கணினிகள் இரண்டு வழிகளில் பரவின. நடுவண் அரசு 1984-85இல் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணினி அறிமுகத் திட்டம் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோவை அடிப்படையாகக் கொண்டது. அதே கணினியை மொஹாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் வெளியிட்டது. மற்றொன்று, புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ். அச்சுப்பொறியை இணைக்க ஸ்பெக்ட்ரமுக்குத் தனி இடைமுகப் பெட்டி வேண்டும். பிபிசி மைக்ரோவின் மாடல் பி வகைக்கோ அடிப்புறத்திலேயே அதற்குரிய இணைப்பு வாய் அமைந்திருப்பதால், உறை அச்சிடும் வேலைக்கு அதுவே ஏற்றது.

பல்லாண்டுகள் பரணில் கிடந்த கணினியை நேராக மின்சாரத்தில் செருகுவது தவறு. அதன் மின்வழங்கிக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் உள்ளன. அவற்றின் ஒளி ஊடுருவும் மஞ்சள்நிற உறை வயதாகும்போது வெடிப்புவிட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அவை புகை கக்கி வெடிப்பது இவ்வகைக் கணினிகளின் நன்கறிந்த குறை. குலசேகரன்பட்டினத்துக் கடலிலிருந்து சில கிலோமீட்டரே தள்ளியிருக்கும் உடன்குடியில் இக்குறை விரைந்து தலைகாட்டும் என்றே கொள்ள வேண்டும். எனவே மின்பணி தெரிந்த ஒருவரைக் கொண்டு, இணைப்பைத் துண்டித்து, தேங்கிய மின்னூட்டம் வடிந்தபின், அவற்றை நீக்கி அதே அளவுள்ள எக்ஸ்2 வகைப் புதிய மின்தேக்கிகளைப் பொருத்துவதும், பழுது பார்ப்பவர்கள் செய்வதுபோல முதன்முறை சீரியல் பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் முறை. உப்புக்காற்றால் பச்சை பூத்த இணைப்பு முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும்.

அச்சுப்பொறி புதிதாகவே கிடைக்கிறது. பில் போடும் கடைகளுக்காக டிவிஎஸ், எப்சன் முதலிய நிறுவனங்களின் டாட் மேட்ரிக்ஸ் பொறிகள் இன்றும் விற்பனையில் உள்ளன. வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கவனித்தால் போதும்: யுஎஸ்பி வாயோடு பேரலல் எனப்படும் 36 முனைகொண்ட இணைப்பு வாயும் இருக்க வேண்டும், எப்சன் வகுத்த ‘எஸ்கேப்’ ஆணைத் தொகுதியை ஏற்கும் 9 ஊசிப் பொறியாக இருக்க வேண்டும். எஸ்கேப் ஆணை என்பது, 27 என்ற எண்ணை முன்னே அனுப்பி, அதன்பின் வரும் எண் அச்சிடப்பட வேண்டிய எழுத்தன்று, பொறிக்கு இடும் கட்டளை என உணர்த்தும் முறை. கணினியின் அடியிலுள்ள 26 முனை வாயையும் பொறியின் 36 முனை வாயையும் இணைக்கும் தட்டைக் கம்பிவடம் வேண்டும். அதன் ஓரத்திலுள்ள சிவப்புக் கோடு முதல் முனையைக் குறிக்கும்.

இணைத்தபின் முதல் சோதனையிலேயே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரி முடிவிலும் பொறிக்கு இரண்டு குறிகள் வேண்டும்: அச்சுத்தலையை இடப்புறம் திரும்பச் செய்வது 13, தாளை ஒரு வரி மேலேற்றுவது 10. பிபிசி மைக்ரோவோ இயல்பாக 10ஐ விழுங்கிவிடும். அதனால் எல்லா வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அச்சாகும். ‘*எஃப்எக்ஸ் 6,0’ என்ற ஆணையைத் தட்டினால் இத்தடை நீங்கும். அல்லது பொறியின் அமைப்பில் ‘ஆட்டோ லைன் ஃபீட்’ என்பதை இயக்கலாம். இரண்டையும் செய்தால் வரிகளுக்கிடையே வெற்று வரி விழும். ஆக, அச்சு எப்படிப் பிழைபட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது அளவு. கணினிக்கு உறை தெரியாது. வரியும் கட்டமும்தான் தெரியும். பொறி இயல்பான நிலையில் அங்குலத்துக்கு 10 எழுத்தும் 6 வரியும் அச்சிடுகிறது. கடைகளில் 9×4 கவர் என்று கேட்டு வாங்கப்படும் உறையின் 4 அங்குல உயரம் 24 வரிகளாகும். அதன் 9 அங்குல அகலத்தில் 80 கட்டப் பொறியால் 8 அங்குலம் வரையே அச்சிட முடியும். பெறுநர் முகவரி உறையின் நடுவிலிருந்து வலப்பக்கமாக அமைய வேண்டும் என்பதால், இடமிருந்து 40 கட்டங்களை விட்டு 10ஆம் வரியில் தொடங்கினால், ஒவ்வொரு வரிக்கும் 40 எழுத்து இடம் கிடைக்கும். மேலே வலமூலை அஞ்சல்தலைக்கும், கீழே இடமூலை அனுப்புநர் முகவரிக்கும் ஒழிந்திருக்கும். உறையைச் செருகியதும் அச்சுத்தலை நிற்குமிடம் மேல்விளிம்பிலிருந்து சற்றுக் கீழேயே இருக்கும். அந்த இடைவெளி பொறிக்குப் பொறி மாறும். ஆகவே உறையின் அளவுக்கு வெட்டிய பழைய தாளில் வரிக்கு வரி எண்ணை அச்சிட்டு, அத்தாளை உறையின்மேல் வைத்துப் பார்த்துத் தொடக்க வரியை முடிவு செய்வது நல்லது. பத்து நிமிடம் பிடிக்கும் இவ்வேலையைத் தவிர்ப்பவர்கள் பின்னர் ஐம்பது உறைகளை வீணாக்குகிறார்கள்.

முகவரிகளை நிரலுக்குள்ளேயே ‘டேட்டா’ என்னும் வரிகளாக, ஒரு வரிக்கு ஒரு முகவரி என்று தட்டச்சிடலாம். திரைக்கு மிகக் குறைந்த நினைவகத்தை எடுத்துக்கொள்ளும் 7ஆம் திரைப் பாங்கில் (‘மோட் 7’), ஒலிநாடாவில் சேமிக்கும் கணினியில் 28,160 பைட்டுகள் மிஞ்சும். ஒரு முகவரிக்கு 125 பைட் என்று கொண்டு, நிரலுக்கு மூவாயிரத்தை ஒதுக்கினாலும் ஏறத்தாழ 200 முகவரிகள் அடங்கும். அதற்கு மேற்பட்டால் ஊர்வாரியாகவோ அஞ்சல் குறியீட்டு வாரியாகவோ தனித்தனி நிரல்களாகப் பிரித்து வைக்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. நிரல் எழுதப்படும் பேசிக் மொழி காற்புள்ளியைக் கண்டதும் ஓர் உருப்படி முடிந்தது என்று கொள்ளும். நம் முகவரிகளோ கதவெண்ணுக்குப் பின்னும் தெருப்பெயருக்குப் பின்னும் காற்புள்ளி இடாமல் நகர்வதில்லை. ஒரு முகவரியின் தெரு அடுத்தவரின் பெயராக மாறி, அதன்பின் பட்டியல் முழுவதும் ஒரு படி வழுகிப்போவதைத் தடுக்க, ஒவ்வோர் உருப்படியையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். பெயர், கதவெண்ணும் தெருவும், ஊர், அஞ்சலும் வழியும், மாவட்டம், அஞ்சல் குறியீடு என ஆறு உருப்படிகளை எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் வைத்து, இல்லாததற்கு வெற்று மேற்கோள் இடுவதும் இன்றியமையாதது.

நிரலின் போக்கு எளியது. ‘விடியூ 2’ அச்சுப்பொறியைத் திறக்கும். ‘விடியூ 3’ மூடும். ‘விடியூ 1’ அடுத்து வரும் ஓர் எண்ணை மட்டும் திரைக்குக் காட்டாமல் பொறிக்கு அனுப்பும். எனவே எஸ்கேப் ஆணையின் ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் 1ஐச் சேர்க்க வேண்டும். முதலில் 27, 64 அனுப்பிப் பொறியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, 27, 67, 24 அனுப்பிப் பக்க நீளத்தை 24 வரியாக்கி, 27, 56 அனுப்பித் தாள் தீர்ந்ததை உணரும் கருவியை அணைக்க வேண்டும்; இல்லையேல் உறையின் கீழ்விளிம்பு அக்கருவியைக் கடந்ததும், முகவரி பாதியில் நிற்க, பொறி ஓய்ந்துவிடும். பிறகு ஆறு உருப்படிகளை ‘ரீட்’ ஆணையால் படித்து, தொடக்க வரி வரை வெற்று வரிகளை விட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன் 40 இடைவெளிகளை ‘எஸ்பிசி’யால் இட்டு அச்சிட்டு, 12ஐ அனுப்பி உறையை வெளியேற்றி, அடுத்த உறையைச் செருகும்வரை ‘கெட்’ ஆணையால் ஒரு விசைக்காகக் காத்திருக்கச் செய்ய வேண்டும். இடைவெளிக்கு இரண்டு எண் கொண்ட ‘டேப்’ ஆணையைப் பயன்படுத்தக் கூடாது. அது திரையின் சுட்டியைத்தான் நகர்த்தும், பொறிக்கு ஒன்றும் போய்ச் சேராது. 40 எழுத்து அகலமே உள்ள திரையில் வரிகள் உடைந்து தெரிவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அந்த உடைவு தாளில் வராது.

அஞ்சல் குறியீடு தனி வரியில் நிற்க வேண்டும். 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த இவ்வாறிலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டத்தையும், இறுதி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். 628203 என்பதில் 628 தூத்துக்குடிப் பகுதி, 203 உடன்குடி. அவ்வரியில் 40 இடைவெளிகளை இட்டபின், இலக்கங்களுக்கு முன் 14ஐ அனுப்பினால் அவை மட்டும் இரட்டை அகலத்தில் விழும். கட்டங்கள் அச்சிட்ட உறையாயின், கட்டங்களுக்கிடையேயான தொலைவை அளந்து, இலக்கங்களுக்கு நடுவே அதற்கேற்ற இடைவெளிகளை நிரலே சேர்க்கும்படி செய்யலாம்.

ஆங்கில எழுத்தில் இவ்வளவோடு வேலை முடியும். தமிழில் அச்சிட விரும்புவோருக்கு உழைப்பு கூடும்; ஆனால் அதுவே இவ்வேலையின் சுவையான பகுதி. பொறியினுள் தமிழ் எழுத்து இல்லாததால், ஒவ்வோர் எழுத்தையும் 16×16 புள்ளிக் கட்டத்தில் வரைகட்டத் தாளில் வரைந்து, மேல் எட்டு வரிசை, கீழ் எட்டு வரிசை என இரு கீற்றுகளாகப் பிரித்து, புள்ளிப்பட முறையில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கீற்றிலும் நெடுக்காக நிற்கும் எட்டுப் புள்ளிகள் ஓர் எண். உச்சிப் புள்ளிக்கு 128, அடிப் புள்ளிக்கு 1. திரை எழுத்தை வரையறுக்கும் ‘விடியூ 23’ குறுக்கு வரிசைகளைக் கேட்கும், பொறியோ நெடுக்கு வரிசைகளைக் கேட்கும் என்பதால், திரைக்காக வரைந்ததை அப்படியே அனுப்பினால் எழுத்து படுத்துக்கொள்ளும். ‘உடன்குடி’ என்பதில் ஐந்து எழுத்துகள், ஆகவே 80 நெடுக்கு வரிசைகள். 27, 42, 5, 80, 0 என்று அனுப்பி, தொடர்ந்து 80 எண்களைக் கொடுத்தால் மேல்கீற்று விழும். அதற்கு முன்பே 27, 65, 8 அனுப்பி வரியிடைவெளியை எட்டுப் புள்ளியாக்கியிருந்தால், கீழ்கீற்று இடைவெளியின்றி அதனோடு ஒட்டி அமையும்.

கொம்பு, கால் போன்ற தனித்து நிற்கும் குறிகளைப் பொதுவாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 125 வடிவங்களை வரைந்தால் போதும். வடிவத்துக்கு 32 பைட் என 4,000 பைட்டில் தமிழ் அடங்கிவிடும். ணை, லை, னா, றா முதலியவற்றுக்கு இருந்த தனி வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் நீக்கியிராவிட்டால் இவ்வெண்ணிக்கை கூடியிருக்கும். அதற்குச் சரியாக 400 ஆண்டுகளுக்கு முன், 1578இல், இக்கடற்கரைப் பகுதியான முத்துக்குளித்துறையில் பணிபுரிந்த அன்றீக்கு அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலுக்காக ஈயத்தில் எழுத்து வார்த்தவர்களும், எத்தனை வடிவங்கள் வேண்டும் என்ற இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். வேற்று மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லும் உறைகளில் ஆங்கிலமே நலம். வெளிநாடாயின் நாட்டின் பெயர் இறுதி வரியில் பெரிய எழுத்தில் வர வேண்டும்.

அச்சிடும் நாளில் பொறியின் தாள்தடிமன் நெம்புகோலைத் தனித்தாளுக்குரிய நிலையிலிருந்து ஓரிரு படி தளர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் மைநாடா உறையில் உரசிக் கறைபடுத்தும். பழுப்புக் கவர்களின் பின்புறம் நடுவே ஒட்டிய விளிம்பு தடித்திருக்கும். முகவரி அதன்மேல் விழுந்தால் ஊசி வளைந்துபோகலாம் என்பதால், ஓர ஒட்டுள்ள கவரே சிறந்தது. உறைகள் ஈரத்தால் வளைந்திருந்தால் ஒரு நாள் முன்பே கனமான புத்தகத்தின்கீழ் வைத்து நிமிர்த்தலாம். அப்படியும் சிக்குமானால், ஓரத்துளையுள்ள தொடர்தாளில் வரும் ஒட்டுச்சீட்டுகளில் அச்சிட்டு உறைகளில் ஒட்டுவதே பிழைக்கும் வழி. வேலை முடிந்ததும் மைநாடாவைக் கழற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, பொறியைத் துணியால் மூடிவைக்க வேண்டும். நிரலை ஒலிநாடாவில் இரண்டு படிகளாகப் பதிந்து, அச்சிட்ட பட்டியல் ஒன்றையும் அதனுடன் வைத்திருந்தால், அடுத்த ஆண்டு வீடு மாறியவர்களின் முகவரியைப் பேனாவால் அதில் திருத்திக்கொண்டு தொடங்கலாம்.